ஓர்சே கரையின் பதினாலாவது ஆள்

என் புருஷன் அர்மானைப் புதைத்த அன்று, தேவாலயத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே முற்றத்தில் சாப்பாட்டு மேசைகளைப் போட்டுவிட்டேன். கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு எனக்குக் கை ஓடாது என்று தெரியும். மே மாதத்து நீண்ட விடுமுறை. கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் கடற்கரைக்கும் மலைக்கும் போயிருந்தார்கள். வாயிற்காவல்காரி என்பதால் எல்லா வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருக்கும். தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்கள் ஒவ்வொருவரும் கடைசியில் “நாற்காலி வேணும்னா எடுத்துக்குங்க” என்றார்கள். எடுத்துக்கொண்டேன். முதல் மாடிப் பல் மருத்துவருடைய சிவப்பு வெல்வெட் நாற்காலிகள், மூன்றாம் மாடி அம்மாளின் பிரம்பு நாற்காலிகள், கூரைக்கு அடியில் ஒற்றை அறையில் இருக்கும் மாணவனின் மடக்கு நாற்காலி. ஒன்றின் உயரம் மற்றொன்றோடு ஒத்துவரவில்லை. இஸ்திரி போட்ட படுக்கை விரிப்புகளை மேசைகள்மேல் விரித்தபோது, தொலைவிலிருந்து பார்த்தால் ஏதோ கல்யாணம் என்று நினைக்கத் தோன்றியிருக்கும்.

பிறகு இழுப்பறையைத் திறந்து மரவளையங்களை எடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் வாய் துடைக்கும் அவரவர் துணித்துண்டை மடித்துச் சுருட்டி அவரவர் வளையத்துக்குள் செருகி வைப்பது எங்கள் வழக்கம். அடுத்த வேளைக்கும் அதே துண்டு. வெயில்கால ஞாயிறுகளில் இதே முற்றத்துக்கு வந்து சாப்பிடும் அர்மானின் அண்ணன், தங்கை, அவர்கள் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் என் இழுப்பறையில் வளையம் உண்டு. வெளுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு வந்தேன். ஒரு வளையத்தில் ஏற்கெனவே துண்டு இருந்தது. கை அதைத் தாண்டி அடுத்ததற்குப் போயிற்று. அது யாருடையது என்று மனம் பார்க்கவில்லை. கை அதை வைத்துப் பழகிய இடத்தில், மேசையின் கோடியில் வைத்தது.

நான் ஓர்சே கரையில் பிறந்தவள். இந்தக் கட்டடத்தின் வாசலறையில், எனக்கு முன்னால் இங்கே காவல் இருந்த என் அம்மாவுக்கு. பாரிஸில் ஆற்றின் இடது கரையோரமாக, ஒரு பாலத்துக்கும் இன்னொரு பாலத்துக்கும் நடுவில் போகிற தெரு அது. எங்களுக்கு ஓர்சே கரை என்றால் ஆறு பெருகி அல்மா பாலத்துச் சிப்பாய் சிலையின் காலை நனைக்கும்போது நிலவறையிலிருந்து கரியை மேலே ஏற்ற வேண்டிய தெரு. சுற்றுலாப் படகுகளின் ஒலிபெருக்கி முற்றம் வரை கேட்கிற தெரு. ஆனால் அதே தெருவில், பாரிஸின் நடுப்பக்கமாக, கம்பிவேலிக்குப் பின்னால் வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது. நாடு முழுவதும் ஓர்சே கரை என்றால் அதுதான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் முகவரி சொன்னேன். “ஓகோ, அப்பா மந்திரியா?” என்று ஆசிரியை கேட்டாள். அம்மா படிக்கட்டு துடைக்கிறாள் என்றேன். வகுப்பு சிரித்தது. தெருவின் பெயரைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட அந்த ஆட்கள் யார், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அன்றிலிருந்தே எனக்கு ஒரு குறுகுறுப்பு.

அர்மான் அங்கே வரைபடப் பிரிவில் வேலை பார்த்தார். ஓர்லெயான் பக்கத்துப் பையன். எங்கள் கட்டடத்தின் கூரையறை ஒன்றில் வாடகைக்கு வந்தார், பிறகு ஐந்து மாடி இறங்கி வாசலறைக்கு வந்து சேர்ந்தார். யாராவது வரைபடம் கேட்டால் எடுத்துக்கொண்டு போவார், திரும்ப வாங்கிச் சுருட்டி வைப்பார். எங்காவது ஒரு நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டால் பல இழுப்பறைகளின் பெயர்ச்சீட்டை மாற்றி எழுதுவார். அவ்வளவுதான் உத்தியோகம். மதியச் சாப்பாட்டுக்கு ஆற்றோரமாக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்றாம் மாடி அம்மாளின் செய்தித்தாளை, மடிப்புக் கலையாமல் படித்துவிட்டுத்தான் நான் மேலே கொண்டுபோவேன். அதில் அடிக்கடி வரும்: ஓர்சே கரை கவலை தெரிவித்துள்ளது. ஓர்சே கரை கூர்ந்து கவனித்து வருகிறது.

“நேத்து ரொம்பக் கவலைப்பட்டீங்களாமே, பேப்பர்ல போட்டிருக்கான்” என்பேன்.

“ஆமா, மத்தியானம் வரைக்கும் கவலைப்பட்டோம். அப்புறம் காபி வந்துருச்சு.”

சில நாள் மதியம் வர மாட்டார். மாலையில் வந்து சூப்பைக் கையாலும் தொடாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குப் புரிந்துவிடும், மேலே கூப்பிட்டிருக்கிறார்கள்.

அது தொடங்கிய கதையை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். அவருடைய ஞானத்தகப்பனின் அடக்கத்துக்குப் போய்விட்டு, கறுப்பு சூட்டோடு நேராக வேலைக்குப் போன நாள். மாடியில் யாரோ வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மதிய விருந்து. விமானம் தாமதமாகி ஒருவர் வரவில்லை. மேசையில் பதிமூன்று பேர். இந்த நாட்டில் எதையும் நம்பாதவர்களும் பதிமூன்று பேராக ஒரு மேசையில் உட்கார யோசிப்பார்கள், நம்புகிறவர்கள் உட்காரவே மாட்டார்கள். வருடம் திரும்புவதற்குள் அந்தப் பதிமூன்று பேரில் ஒருவர் இறந்துவிடுவார் என்பார்கள். விருந்து ஏற்பாடுகளைக் கவனித்த மதாம் வெர்னே என்ற அம்மாள் படி இறங்கி ஓடி வந்து, கண்ணில் பட்ட ஒரே கறுப்பு சூட்டைக் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஆள் குறைந்தால் அர்மான். வரைபடச் சுருள்களுக்கு நடுவில் ஓர் ஆணியில் கறுப்பு சூட் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். உட்காருவது எப்போதும் மேசைக் கோடியில்.

என்ன சாப்பிட்டார் என்று சொல்வார். மீன் எப்படி, சாஸ் எப்படி, பாலாடைக்கட்டி முற்றியதா என்று எல்லாம் சொல்வார். அங்கே துண்டை மடிக்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். விருந்தாளி சாப்பிட்டு முடித்ததும் துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட வேண்டுமாம். மடித்து வைத்தால் அடுத்த வேளைக்கும் வருவேன் என்று அர்த்தமாம். அதனால்தானோ என்னவோ, வீட்டில் அவர் துண்டை மடிப்பதைப் பார்க்க வேண்டும். நாலாக மடித்து, விரலால் நீவி, சுருட்டி, வளையத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிற மாதிரி வைப்பார்.

ஆனால் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார். “நீங்க என்ன பேசினீங்க, அதையாவது சொல்லுங்க” என்றால், “உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கன்னேன்” என்பார்.

அவருடைய அண்ணன் ரெமிக்கு அது போதும். ரெமி ஓர்லெயானில் கார் பட்டறை வைத்திருந்தவர். சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவர், அதை ஒவ்வொரு ஞாயிறும் நினைவுபடுத்துபவர். ரேடியோவில் அமைச்சகம் எதையாவது சொன்னால் தம்பியைப் பார்த்து, “என்னடா, உங்க கரை இப்படிப் பண்ணிருச்சு” என்று ஆரம்பிப்பார். முடிவு எப்போதும் ஒன்றுதான். “இவனுக்கு என்ன தெரியும் பாவம். நாற்காலி காலியா இருந்தா உடம்பைக் கொடுக்கற வேலை. நம்ம பட்டறையில சக்கரம் கழட்டினா கட்டை வைப்போம்ல, அது மாதிரி.” எல்லோரும் சிரிப்பார்கள். அர்மானும் சிரிப்பார்.

நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் நோயில் படுத்தபோது அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் திரும்பிக்கொண்டது. ஒரு மனிதனை வாழ்நாள் முழுக்கக் கட்டையாகவா வைத்திருந்தார்கள்? அந்த மேசையில் என் புருஷன் யாராக இருந்தார்? மருத்துவமனையில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்கே அவருக்குப் பேச மூச்சு இல்லை. மதாம் வெர்னே எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்க ஒருவரும் மிச்சம் இல்லை.

அடக்கத்தன்று சவ ஊர்தியில் முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குக் கனத்த உடம்பு, கழுத்தை இறுக்கும் சாம்பல் நிற டை. திதியே என்று பெயர். தேவாலயத்துக்கு ஆற்றோரமாகத்தான் போக வேண்டும். “அந்தக் கம்பிவேலி வந்ததும் கொஞ்சம் மெதுவாப் போறீங்களா?” என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல், நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் ஒலிப்பான்கள் அலறின. வாசலில் காவலுக்கு நின்ற காவலர் முதுகை நிமிர்த்தினார். எந்த ஊர்தி போனாலும் நிமிர்வார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது, எதற்கென்று தெரியாமல், “கடைசியா வீட்ல சாப்பிட்டது ஆம்லெட்தான். கொஞ்சம் கருகிடுச்சு. நல்லா இருக்குன்னு சொன்னாரு” என்று திதியேவிடம் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, “கருகினாத்தான் ருசி, மதாம்” என்றார்.

தேவாலயத்துக்கு வரைபடப் பிரிவிலிருந்து இருவர் வந்திருந்தார்கள், அர்மானுக்குப் பிறகு சேர்ந்தவர்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கல்லறையிலிருந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்து சேர்ந்தோம். கன்றுக்குட்டி இறைச்சிக் குழம்பைச் சூடாக்கி, தொடக்கத்துக்கு வைத்திருந்த பன்றித்தொடையையும் உருளைக்கிழங்கையும் கொண்டுவந்து வைத்தேன். அவரவர் வளையம் இருந்த இடத்தில் அவரவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். ரெமி மதுப்புட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அர்மானின் தங்கை சோலாஞ்ச் ரொட்டிக் கூடையோடு வந்தவள் அப்படியே நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. ரொட்டிக் கூடையை மேசைமேல் வைத்துவிட்டு விரலை நீட்டி இன்னொரு முறை எண்ணினாள்.

“அண்ணி. பதிமூணு.”

“இல்லையே, பதினாலு தட்டு வெச்சேன்.”

“தட்டு பதினாலு. ஆள் பதிமூணு.”

அப்போதுதான் எல்லோரும் மேசைக் கோடியைப் பார்த்தார்கள். யாரும் நிற்காத நாற்காலி, மாணவனின் மடக்கு நாற்காலி. அதற்கு முன்னால் தட்டு, கண்ணாடிக் குவளை, ஆலிவ் மரத்தில் செய்த, ஓரத்தில் சூடுபட்டுக் கறுத்த வளையம். அதற்குள் நாலாக மடித்த துண்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய. ஆம்லெட் சாப்பிட்ட அன்று அவர் மடித்து வைத்தது. அடுத்த வேளைக்கு.

மேசைக் கோடிக்கு நடந்தேன். சோலாஞ்சின் மகள் கரீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாத வயிறு என் முழங்கையில் இடித்தது.

“தட்டை எடுத்துடறேன்” என்றேன்.

“எடுத்தா மட்டும் என்ன, பதிமூணு பதிமூணுதானே” என்றாள் சோலாஞ்ச். “நான் உட்கார மாட்டேன் அண்ணி. இப்பத்தான் ஒருத்தரைக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்திருக்கோம். போதும்.”

“இந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பாக்கறா” என்றார் ரெமி. “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது.”

“அப்ப உட்காருங்கண்ணா.”

ரெமி உட்காரவில்லை. நாற்காலி முதுகில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். “எல்லாரும் உட்கார்ந்தா உட்கார்றேன்” என்றார்.

கரீன் தன் வயிற்றைத் தட்டி, “என்னை ரெண்டா எண்ணிக்கலாமே” என்றாள்.

“வயித்துல இருக்கறது தட்டு கேக்குமா? சும்மா இருடி” என்றாள் சோலாஞ்ச்.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. யாரையாவது இறங்கிவரச் சொல்லலாம் என்றால் கட்டடமே காலி. பக்கத்துக் கட்டடத்தின் காவல்காரியும் ஊருக்குப் போயிருந்தாள். நான் அர்மானுக்கென்று போடும் கடைசிச் சாப்பாடு. எல்லோரும் கறுப்பு உடையில் நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்க, அது யாருமே உட்காராத மேசையாகப் போய்விடும்போல் இருந்தது. ஆள் குறைந்தால் கூப்பிடுவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். அவர் இல்லாததால்தான் ஆள் குறைந்தது. ரெமிக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை எடுத்து, திறந்த மதுப்புட்டியைத் திரும்ப மூடினார்.

தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திதியே. கையில் என் குடை.

“வண்டியில விட்டுட்டு வந்துட்டீங்க, மதாம். சாயங்காலம் மழைன்னு சொல்றாங்க.”

நான் குடையை வாங்குவதற்குள் சோலாஞ்ச் அவர் கையைப் பிடித்துவிட்டாள். மதாம் வெர்னே இப்படித்தான் பிடித்திருப்பாள்.

“சாப்பிட்டீங்களா?”

“வண்டியில சாண்ட்விச் இருக்கும்மா.”

“அதை நாய்க்குப் போடுங்க. இங்க வந்து உட்காருங்க.”

அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். “குடும்பத்தோட உட்கார்ந்து சாப்பிடக் கூடாதுங்க. கம்பெனி விதி. டையைக் கட்டிட்டு இருக்கறப்ப நான் கம்பெனி ஆளு.”

“டையைக் கழட்டுங்க, மனுஷனாயிடுவீங்க” என்றாள்.

பதிமூன்று பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவரும் எண்ணியிருக்க வேண்டும். புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார். டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டார். மடக்கு நாற்காலி அவர் எடைக்கு முனகியது. நாற்காலிகள் இழுபடும் சத்தத்தோடு எல்லோரும் உட்கார்ந்தோம். யாரோ பெருமூச்சு விட்டார்கள். ரெமி என்று நினைக்கிறேன்.

திதியே வளையத்திலிருந்து துண்டை உருவினார்.

நான் பாதி எழுந்துவிட்டேன். வேறு துண்டு தருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவர் அதை உதறிவிட்டார். அர்மானின் மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஒரு மூலையில் ஆம்லெட்டின் மஞ்சள் கறை தெரிந்தது. அவர் கவனிக்காமல் மடியில் விரித்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆற்றில் ஒரு படகு போயிற்று.

“ஒண்ணு கேக்கலாமா மதாம்?” என்றார் திதியே. “காலையில அந்தப் பெரிய வீட்டு முன்னாடி மெதுவாப் போகச் சொன்னீங்களே. அவரு அங்க பெரிய ஆளா?”

எல்லோரும் ரெமியைப் பார்த்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருவது அவர்தானே. அவர் மதுக்குவளையைச் சுழற்றிக்கொண்டே, “பெரிய ஆள் எல்லாம் இல்ல. பதினாலாவது ஆள்” என்றார்.

“அப்படின்னா?”

“இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே. அது.”

அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான். திதியேவும் சிரித்தார். பிறகு, “அப்ப நான் என்ன செய்யணும்? அவரு என்ன செய்வாரு?” என்று கேட்டார்.

ரெமி தோளைக் குலுக்கினார். சோலாஞ்ச்தான் மெல்ல ஆரம்பித்தாள்.

“என்ன செய்வாரோ. ஆனா சின்னண்ணன் ஒண்ணு சொன்னாரு. கரீன் கல்யாணத்தப்ப நான் அழுதுட்டே இருந்தேன். ஒரு ஊர்ல பொண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பறப்ப, அம்மாக்காரி ஒரு பிடி புளிச்ச மாவைத் துணியில முடிஞ்சு கொடுப்பாளாம். பொண்ணு அதுல இருந்துதான் ரொட்டி சுடணும், எத்தனை வருஷமானாலும். எந்த ஊருன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டாரு. யாரு சொன்னதுன்னு கேட்டேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் சொன்னாராம்.”

“எனக்கு அதைச் சொல்லவேயில்லையே” என்றாள் கரீன். “எனக்கு வேற ஒண்ணு சொன்னார் மாமா. பரீட்சையில வாய்மொழித் தேர்வுன்னா எனக்கு வாந்தி வரும். ஊர் ஊராப் போய்ப் பேசற ஒருத்தர், பேச எழுந்திருச்சதும் பைக்குள்ள கையை விட்டு அவங்கம்மா கோட்டோட பொத்தானைப் பிடிச்சுக்குவாராம். என் கையில ஒரு பொத்தானைக் கொடுத்தார்.”

பாத்திரம் துடைத்துக்கொண்டே அவர் என்னிடம் சொன்னது எனக்கு நினைவு வந்தது. வெளியூர் போனால் வீட்டுக்குத் தொலைபேசி செய்து, நாயின் காதில் ரிசீவரை வைக்கச் சொல்லும் ஒருவரைப் பற்றி. மனைவியிடம் பேசுவதைவிட நாயிடம் பேசும் நேரம் அதிகமாகிவிட்டது என்று வெட்கப்பட்டாராம். நான் அதைச் சொன்னேன். பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று இருந்தது. எல்லாமே அவர் யாராவது ஒருவரிடம் தனியாக, வேறு ஏதோ வேலை செய்துகொண்டே சொன்னவை. ஊர் கிடையாது, பெயர் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

நாங்கள் சொல்லச் சொல்லத் திதியே ரொட்டியைக் கையில் வைத்தபடியே, பேசுகிறவரின் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு தட்டில் ஆறியது. அவர் முகம் தங்கள் பக்கம் திரும்புவதற்காக எல்லோரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

“அவ்வளவு பெரிய மனுஷங்க, இதையெல்லாம் போய் மாமாகிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்றாள் கரீன்.

“முன் சீட்ல உட்கார்றவங்க எங்கிட்டயும் சொல்வாங்க” என்றார் திதியே. “இவனைத் திரும்பப் பாக்கப் போறதில்லன்னு தெரியுமில்ல.” என் பக்கம் பார்க்கவில்லை. ஆம்லெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பாலாடைக்கட்டி வந்தபோது ரெமி வாயைத் துடைத்துக்கொண்டார்.

“என்கிட்டயும் ஒண்ணு சொன்னான்.”

அவர் திதியேவைப் பார்த்துத்தான் பேசினார், எங்களை அல்ல.

“எனக்கு இதயத்துல ஆபரேஷன். காலையில ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப இவன் கூடவே நடந்து வந்தான். நான் வண்டியைப் பத்தியும் பட்டறையைப் பத்தியும் கத்திக்கிட்டே போறேன். பயம். வெளிய சொல்ல முடியுமா? இவன் குனிஞ்சு, அண்ணே, ஒருத்தருக்கு மயக்க மருந்துன்னாலே நடுங்குமாம், பெரிய உத்தியோகத்துல இருக்கறவர். சின்ன வயசுல மேய்ச்ச ஆடுகளை மனசுக்குள்ள பேர் சொல்லி ஒவ்வொண்ணா பட்டிக்குள்ள விடுவாராம். பாதி ஆடு உள்ள போறதுக்குள்ள தூங்கிடுவாராம்னு சொன்னான். எனக்கு ஏதுடா ஆடுன்னேன். உனக்குத்தான் கார் இருக்கேன்னான்.” ரெமி குவளையைத் தள்ளி வைத்தார். “நான் வாங்கி வித்த காரை எல்லாம் ஒவ்வொண்ணா பட்டறைக்குள்ள விட்டேன். பழைய பெஜோ கார் ஒண்ணு, பச்சைக் கலர், அதுவரைக்கும் ஞாபகம் இருக்கு.”

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

“அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கட்டைன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். சிரிச்சுக்கிட்டே இருப்பான்” என்றார் ரெமி. பிறகு, “சோலாஞ்ச், அந்த ஆட்டுப்பால் கட்டியை அவருக்கு வை. தட்டு காலியா இருக்கு பார்” என்றார்.

காபி குடித்ததும் திதியே எழுந்தார். மாலையில் இன்னொரு அடக்கம் இருந்தது. எல்லோருக்கும் கை கொடுத்தார். ரெமி அவரோடு முற்றத்தின் பாதி வரை நடந்துபோய், ஊர்தியின் எஞ்சினைப் பற்றி ஏதோ கேட்டார். எழுவதற்குச் சற்று முன் திதியே பேச்சுவாக்கில் மடியிலிருந்த துண்டை எடுத்து, மூன்றாக மடித்து, தடிமனாகச் சுருட்டி, தன் வீட்டில் செய்வதுபோல வளையத்துக்குள் அமுக்கித் திணித்தார். ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் வெளியே நின்றது. சோலாஞ்ச் என்னைப் பார்த்தாள். நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

பிள்ளைகள் நாற்காலிகளை மாடிகளுக்குத் திருப்பித் தூக்கிச் சென்றார்கள். எல்லோரும் ரயிலுக்குப் போன பிறகு மேகம் திரண்டு முற்றம் மங்கியது. விரிப்புகளை மடித்து, வளையங்களை மடியில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். மற்ற வளையங்களிலிருந்து துண்டுகளை உருவி வெளுக்கப் போட்டேன். ஆலிவ் மர வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆற்றில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஒவ்வொரு மொழியாக எங்கள் தெருவின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனாள். எந்த மொழியில் சொன்னாலும் அந்தப் பெயர் மட்டும் மாறாமல் வந்தது. அது தேய்கிற வரை கேட்டேன்.

பிறகு வளையத்தை அப்படியே இழுப்பறைக்குள் அதன் இடத்தில் வைத்துத் தள்ளினேன். திதியே மடித்த துண்டு தடிமனாக மேலே முட்டிக்கொண்டது. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தேன். இழுப்பறை ஒரு விரல் அளவுக்குத் திறந்தே நின்றது.